ஏழாம் தொகுதிக்காகக் காத்திருந்த தெரு

ஏழாம் தொகுதி வெளிவரப்போகிறது என்ற அறிவிப்புத் தாள் வந்த பதினோராம் நாள், செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதே காலுக்கு, அந்தத் தொகுதியின் பதினான்காம் படத்தில் அச்சாக வேண்டிய இருபத்துநான்கு சிப்பாய்களும் ஒரு கோவேறு கழுதையும் புத்தகக் கடைத் தெருவில் வந்து நின்றார்கள். அன்று முட்டை விலை சற்று ஏறியிருந்தது. தெருவில் பாதிப் பேர் அதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். மீதிப் பேர் சிப்பாய்களைச் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போனார்கள். இப்படி ஏதாவது நடக்கும் என்று புத்தகக் கடைக்காரம்மாவுக்கு முன்பே ஒரு சந்தேகம் இருந்தது. படங்களுடன் வரும் அந்தப் போர் வரலாற்று வரிசையில் ஐந்தாம் தொகுதி தாமதமானபோது கடைக்குள் பத்து நாள் வெடிமருந்து வாடை அடித்தது. ஆறாம் தொகுதிக்கு ஒரு மாதம் முன்பு பரணிலிருந்து முரசுச் சத்தம் கேட்டது. புத்தகக் கட்டு வந்து இறங்கியதும் நின்றுவிட்டது. ஏழாம் தொகுதியோ மூன்று முறை தள்ளிப்போடப்பட்டு, நாலாவது வருடம் ஓடிக்கொண்டிருந்தது. முன்பதிவு செய்த நாற்பத்தொரு பேரும் ஆளுக்கு வாரம் இரண்டு முறையாவது எட்டிப்பார்த்து, வந்துவிட்டதா என்று கேட்டுவிட்டுப் போனார்கள். அத்தனை பேருடைய எதிர்பார்ப்பையும் ஒரு சின்னக் கடை எத்தனை நாள்தான் தாங்கும். "இவ்வளவு நாள் காக்க வெச்சா வேற என்ன ஆகும்?" என்று சொல்லிவிட்டு, அவள் சிப்பாய்களின் பூட்ஸைச் சுற்றிப் பெருக்கி முடித்தாள்.

சிப்பாய்கள் ஆள் உயரம் இருந்தார்கள். உடம்பு இருந்தது, நிழலும் விழுந்தது. முகம்தான் சரியாக இல்லை. பதினான்காம் படம் ஆற்றைக் கடக்கப் போகும் படையைத் தூரத்திலிருந்து காட்டும் படம்; அசலில் ஒவ்வொரு ஆளும் கட்டைவிரல் உயரம், ஒவ்வொரு தலையும் கடுகளவு. கடுகில் ஓவியர் எதைத்தான் வரைவார்? கண்ணுக்கு இரண்டு புள்ளி, வாய்க்கு ஒரு கீற்று என்று வைத்துவிட்டு அடுத்த ஆளுக்குப் போயிருந்தார். தெருவுக்கு வந்தபோது உடம்பு வளர்ந்ததே தவிர முகத்தில் எதுவும் கூடவில்லை. அதே இரண்டு புள்ளி, அதே கீற்று, இருபத்துநான்கு பேருக்கும் ஒன்றுபோல. உடுப்பு மட்டும் நூலிழை பிசகாமல் இருந்தது. இந்த வரிசையின் வாசகர்கள் முகம் தப்பாக இருந்தால் மன்னித்துவிடுவார்கள், தோள்வார் தப்பாக இருந்தால் கடிதம் எழுதிவிடுவார்கள் என்பது ஓவியருக்கு நன்றாகத் தெரியும். யார் நீங்கள், எந்தப் படை, எங்கே போகிறீர்கள் என்று கேட்டவர்களிடம் சிப்பாய்கள் தலையைச் சாய்த்து யோசித்தார்கள். படத்துக்குக் கீழே போட வேண்டிய விளக்கம் இன்னும் எழுதப்படவில்லை. அதனால் அவர்களுக்கே அது தெரிந்திருக்கவில்லை.

ஊர் குழம்பிப்போனது. ஊர்வலம் என்றால் முன் அனுமதி வேண்டும், சிலை என்றால் பீடம் வேண்டும், வாகனம் என்றால் எண் வேண்டும். நகராட்சி அலுவலர் மூன்று படிவங்களையும் கொண்டுவந்து, ஒன்றையும் நிரப்பாமல் திரும்பிப் போனார். பல் டாக்டர் தன் நோயாளிகளை வாய் திறந்த நிலையில் விட்டுவிட்டு வந்து, இது வடக்குப் படையின் உடுப்பு என்று அடித்துச் சொன்னார். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் வாத்தியார், வடக்குப் படைக்கு அந்த வருடம் பூட்ஸே வழங்கப்படவில்லை என்றார். இரண்டு பேரும் முன்பதிவுப் பட்டியலில் முதல் பத்துக்குள் இருப்பவர்கள். நாலாம் நாள் தூறல் போட்டபோது ஒரு சிப்பாயின் கைச்சட்டையிலிருந்து நீலம் கரைந்து சாக்கடை வரை ஓடியது. படம் நீர்வண்ணத்தில் தீட்டப்படுகிறது என்று அப்போதுதான் புரிந்தது. தெருக்காரர்கள் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் தார்ப்பாய் கட்டினார்கள். மூன்றாம் வாரம் பதிப்பகத்திலிருந்து திருத்திய அறிவிப்புத் தாள் வந்தது. அதிலிருந்த சின்ன மாதிரிப் படத்தில் கோவேறு கழுதையைக் காணவில்லை. படத்தில் இடம் போதவில்லை என்று ஓவியர் எடுத்துவிட்டார் போலும். தெருவில் இருந்த கழுதைக்கு ஒன்றும் ஆகவில்லை. கொஞ்ச நேரம் திகைத்து நின்றுவிட்டு, பல் டாக்டர் வீட்டுத் தோட்டத்துக்குள் போய்ப் புல் மேயத் தொடங்கியது. அது இன்னும் அங்கேதான் இருக்கிறது. கழுத்தில் மட்டும் நிறம் லேசாக மங்கியிருக்கிறது.

புத்தகக் கடைக்கு எதிரே மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருந்தவர் முன்பதிவுப் பட்டியலில் முதல் ஆள். ஐம்பது வயது, கல்யாணம் செய்துகொள்ளவில்லை, கடைக்கு மேலே மாடியில் அக்காவுடன் குடியிருந்தார். கண்ணாடிக்காரர் ஒரு புத்தகத்தைப் படிப்பது என்பது மற்றவர்கள் படிப்பது மாதிரி இருக்காது. எழுத்தை விட்டுவிடுவார். பூதக்கண்ணாடியை எடுத்துப் படத்துக்கு மேலே குனிந்தார் என்றால் ஒரு படத்துக்கு ஒரு வாரம். தொப்பியின் நாடா இந்தப் பக்கம் முடியப்பட்டிருக்க வேண்டும், துப்பாக்கியின் தாழ்ப்பாள் அடுத்த வருடம்தான் மாற்றப்பட்டது, சட்டைக்குப் பொத்தான் ஏழு, ஆறு போட்டிருக்கிறீர்கள் என்று பதிப்பகத்துக்கு எழுதுவார். இதுவரை இருநூற்றுப் பன்னிரண்டு கடிதங்கள் எழுதியிருந்தார். இருநூற்றுப் பன்னிரண்டுக்கும் ஒரே பதில்தான் வந்திருந்தது: தங்கள் கடிதம் கிடைத்தது, நன்றி, திருத்திவிட்டோம். அவர் சொன்னது ஒருமுறைகூடத் தப்பானதில்லை. அந்தப் பெருமை அவருக்கு இருந்தது. இருந்துவிட்டுப் போகட்டும், அவருக்கு வேறு என்ன இருந்தது.

அவர் இந்தப் புத்தகங்களைப் படிக்க ஆரம்பித்த கதையை அவரே மறந்துவிட்டார் என்பதுதான் வேதனை. முப்பத்தொரு வருடத்துக்கு முன்பு அவருடைய அத்தான், அதாவது அக்காவின் கணவர், இருபத்தேழு வயதில் போருக்குப் போனார். ஆற்றங்கரை வரை போனதற்குக் கடிதம் இருக்கிறது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் போனதற்கும் இல்லை, இந்தப் பக்கம் செத்ததற்கும் இல்லை. ராணுவ ஆவண அலுவலகம் வருடத்துக்கு ஒருமுறை 'தகவல் இல்லை' என்று ஒரு தாள் அனுப்பும். நாலு வருடம் கழித்து முதல் தொகுதி வந்தபோது, எந்தப் படத்திலாவது அத்தானின் முகம் தெரியுமா என்று தேடத்தான் இருபத்துமூன்று வயதுப் பையன் பூதக்கண்ணாடியைக் கையில் எடுத்தான். இரண்டாம் தொகுதியில் முகங்களுக்கு நடுவே ஒரு வார்க்கொக்கி தப்பாக இருப்பதைப் பார்த்தான். மூன்றாம் தொகுதி வருவதற்குள் கொக்கிகள் மட்டுமே கண்ணில் பட்டன. அக்கா மட்டும் எதையும் மறக்கவில்லை. மருத்துவமனைச் சலவைப் பிரிவில் நோயாளிகளின் அங்கிகளுக்குப் பொத்தான் தைத்துக்கொண்டே, ஆற்றைப் பற்றிய தொகுதி எப்போது வரும் என்று தம்பியிடம் வருடத்துக்கு ஒருமுறை மட்டும் கேட்பாள். ஏழாம் தொகுதிதான் அந்த ஆறு.

சிப்பாய்கள் வந்த முதல் இரண்டு நாள் வரிசை கலையாமல் நின்றார்கள். யாரும் உத்தரவு போடாததால் மூன்றாம் நாளிலிருந்து தெருவில் அங்கும் இங்கும் உலாவினார்கள். சாயங்காலம் விளக்குப் போடும்போது வரிசைக்கு எட்டுப் பேராக மூன்று வரிசையில் மறுபடி சேர்ந்துகொண்டார்கள். நாலாம் வாரம் வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒரு சிப்பாய் கண்ணாடிக் கடைக்குள் நுழைந்து, வாடிக்கையாளர் நாற்காலியில் உட்கார்ந்தான். கண்ணாடிக்காரர் நிமிர்ந்து பார்த்தார். சட்டையின் ஏழு பொத்தான்களில் ஆறு பித்தளை. மேலிருந்து இரண்டாவது மட்டும் வெள்ளை: நாலு துளை வைத்த, வீட்டுச் சட்டையில் போடும் சாதாரணப் பொத்தான். நாலு வருடமாக வராத புத்தகத்தில், வருவதற்கு முன்பே ஒரு பிழை, அதுவும் வீடு தேடி வந்து உட்கார்ந்திருக்கிறது! சிப்பாய் கண்ணாடிகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்க, இவர் இருநூற்றுப் பதின்மூன்றாவது கடிதத்தை எழுதி, மூன்று மணித் தபாலில் சேர்த்துவிட்டு வந்தார். ஏழு பொத்தானும் பித்தளையாக இருக்க வேண்டும், வெள்ளைப் பொத்தான் எந்தப் படையிலும் கிடையாது என்று எழுதியிருந்தார்.

அதே வெள்ளிக்கிழமை ஐந்தே முக்காலுக்கு அக்கா வேலை முடிந்து பஸ்ஸிலிருந்து இறங்கினாள். நிறுத்தத்துப் பலகையில் அந்தச் சிப்பாய் உட்கார்ந்திருந்தான். பொத்தானைப் பார்த்து அக்கா பக்கத்தில் உட்கார்ந்தாள். முப்பத்தொரு வருடத்துக்கு முன்பு, விடுப்பு முடிந்து கிளம்பிய காலையில், அவளுடைய கணவரின் ராணுவச் சட்டையில் மேலிருந்து இரண்டாவது பொத்தான் அறுந்து எங்கோ உருண்டுவிட்டது. தேட நேரமில்லை. அவருடைய வீட்டுச் சட்டையிலிருந்து ஒரு வெள்ளைப் பொத்தானை வெட்டி அவள்தான் அவசரமாகத் தைத்தாள். இப்போது எதிரே இருக்கும் முகத்தில் இரண்டு புள்ளியும் ஒரு கீற்றும்தான். பெட்டியில் இருக்கும் புகைப்படத்தோடு ஒப்பிட்டால் இருபத்துநான்கு பேரும் அவரைப் போலத்தான் இருப்பார்கள், ஒருவரும் அவரைப் போல இருக்கமாட்டார்கள். பொத்தான் மட்டும் அவள் கைவேலை. இருந்தாலும் அக்கா ஆசைக்கு அவசரப்படுகிறவள் இல்லை. ஓவியரின் தூரிகையிலிருந்து தெறித்த ஒரு சொட்டு வெள்ளையாகவும் இருக்கலாமே என்று நினைத்தாள். ஒன்பது நாள் தினமும் ஐந்தே முக்காலுக்கு அந்தப் பலகையில் உட்கார்ந்து, ஆஸ்பத்திரிச் செய்தி, தம்பியின் முதுகுவலி, பக்கத்து வீட்டுக் குழாய்ச் சண்டை எல்லாம் சொன்னாள். சிப்பாய் தலையைச் சாய்த்துக் கேட்டான். ஞாயிற்றுக்கிழமை தம்பியைக் கூட்டிவந்து காட்டுவது என்று முடிவு செய்தாள். தைத்த இடத்தில் நூல் எப்படி ஓடியிருக்கிறது என்று அவன் பூதக்கண்ணாடியில் பார்த்துச் சொன்னால் போதும்.

ஞாயிறு காலை பதிப்பகத்தின் பதில் விரைவுத் தபாலில் வந்தது: நன்றி, திருத்திவிட்டோம். கண்ணாடிக்காரர் அதை மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தபோது அக்கா தெருவிலிருந்து மாடி ஏறி வந்தாள். பலகையில் யாருமில்லை. தெருவில் இருபத்துநான்கு பேரும் உலாவிக்கொண்டிருந்தார்கள், இருபத்துநான்கு சட்டையிலும் ஏழு பித்தளைப் பொத்தான் மின்னியது. தான் ஒன்பது நாள் யாருடன் உட்கார்ந்திருந்தோம் என்று அவளுக்குத் தெரியவில்லை. அவளை நெருங்கி வரவேண்டியது யார் என்று அவர்களுக்கும் தெரியவில்லை போல, எல்லாருமே அவளைப் பார்த்துத் தலையைச் சாய்த்தார்கள்.

"இரண்டாவது பொத்தான் வெள்ளையா ஒருத்தர் இருந்தாரே, பாத்தியா?" என்றாள்.

"பாக்காம என்னக்கா, நான்தான் எழுதிப் போட்டேன். சுத்தத் தப்பு அது. ஒன்பதே நாள்ல மாத்திட்டாங்க," என்றார் தம்பி, சந்தோஷமாக.

அக்கா நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு கேட்டாள், "அன்னிக்குக் காலைல ஊசில நூல் கோத்துக் குடுத்தது யாருடா?"

அப்போதுதான் அவருக்கு வந்தது. வாசலில் அத்தான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். அக்காவுக்குக் கண்ணில் நீர் கட்டி ஊசிக் காது தெரியவில்லை. உனக்குத்தான் கண்ணு நல்லாத் தெரியுமே என்று ஊசியைத் தம்பியிடம் நீட்டுகிறாள். பத்தொன்பது வயதுப் பையன் ஒரே தடவையில் நூலைக் கோத்துக் கொடுக்கிறான், அத்தான் அவன் முதுகில் தட்டுகிறார். அந்தக் கண்ணை வைத்துக்கொண்டு, அதே பொத்தானைப் பிழை என்று எழுதியிருக்கிறார்.

"நீ அவரைத் திருத்திட்டடா," என்றாள் அக்கா. சமைத்தாள், தட்டை வைத்தாள், மருத்துவமனைக்கு விடுப்புச் சொன்னாள்.

இருநூற்றுப் பதினான்காவது கடிதத்தை எழுத அவருக்கு நாலு மணி நேரம் ஆனது. என் திருத்தம் தவறு, வெள்ளைப் பொத்தானே சரி, தயவுசெய்து பழையபடி மாற்றுங்கள். இம்முறை வந்த பதில் நீளமாக இருந்தது. அவர் கேட்டதை மூன்று நிபுணர்களிடம் அனுப்பியதாகவும், மூவரும் பித்தளைதான் சரி என்று ஒரே குரலில் சொன்னதாகவும், அதற்கு ஆதாரமாக மூவருமே அவருடைய இருநூற்றுப் பதின்மூன்றாவது கடிதத்தைக் காட்டியதாகவும் பதிப்பாசிரியர் எழுதியிருந்தார். தாங்கள் தங்களையே சந்தேகிக்க வேண்டாம் என்று ஆறுதலும் சொல்லியிருந்தார். கடைசியில் ஒரு வரி: வாசகர்களின் நீண்ட காத்திருப்பு முடிவுக்கு வருகிறது; வரும் மாதம் பதினான்காம் தேதி ஏழாம் தொகுதி கடைகளுக்கு வரும். புத்தகக் கடைக்காரம்மா இந்தச் செய்தியைக் கடை வாசலில் எழுதி ஒட்டியதும் நாற்பது பேர் கைதட்டினார்கள். பல் டாக்டர் அந்த வாரம் யாருக்கும் பல் பிடுங்கவில்லை. நாற்பத்தொன்றாவது ஆள் எதிர்க்கடையில் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். புத்தகம் வந்தால் முரசுச் சத்தம் நின்றதுபோல் சிப்பாய்களும் பக்கத்துக்குள் போய்விடுவார்கள். அதற்குள் அத்தான் யார் என்று கண்டுபிடிக்காவிட்டால் பிறகு கடுகளவு தலைகளில் தேட வேண்டியதுதான், வாழ்நாள் முழுக்க.

மறுநாள் காலை வெளிச்சம் நன்றாக வந்ததும் பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினார். அக்காவும் பின்னாலேயே வந்தாள். ஓவியர் படத்தைப் புதிதாக வரைந்திருக்கமாட்டார், வெள்ளைக்கு மேலே பித்தளை நிறத்தைத் தடவியிருப்பார் என்று கண்ணாடிக்காரர் கணக்குப் போட்டார். அப்படியானால் ஒரே ஒரு பொத்தானில் மட்டும் வண்ணம் இரண்டு பூச்சாக இருக்க வேண்டும். சிப்பாய்களை ஒவ்வொருவராக நிறுத்தி, நெஞ்சருகே குனிந்து, மேலிருந்து இரண்டாவது பொத்தானின் ஓரத்தைப் பார்த்தார். பிழை கண்டுபிடிக்கவே பழகிய கண் அது. பிழையே இல்லாத இருபத்துநான்கு பேரில் ஒரு பிழையாவது அகப்பட வேண்டுமே என்று அன்றைக்குத் தவித்தது. பதினேழு பேர் ஆனார்கள். பல் டாக்டர் வந்து, இதெல்லாம் வெள்ளைச் சொட்டாக இருக்கும், வீணாக அக்காவுக்கு ஆசை காட்டாதீர்கள் என்று காதோரம் சொன்னார். சொன்னது தப்பில்லை. கண்ணாடிக்காரருக்கே அது வெறும் சொட்டாக இருக்குமோ என்ற சந்தேகம் இருந்தது; அடுத்த ஆளிடம் போனார். பதினெட்டாவது சிப்பாயின் பொத்தானில் விளிம்பு ஒரு மயிரிழை தடித்திருந்தது.

"அக்கா, இங்க வா," என்றார்.

அக்கா கைக்குட்டையின் நுனியை நாக்கில் நனைத்து, பொத்தானை மெல்லத் துடைத்தாள். மஞ்சள் கரைந்து கைக்குட்டையில் ஏறியது. அடியில் வெள்ளை, நாலு துளை. துளைகளுக்குக் குறுக்கே கறுப்பு நூல் பெருக்கல் குறி மாதிரி ஓடியிருந்தது. வெள்ளை நூல் கைக்கு அகப்படாமல் அன்றைக்குக் கறுப்பு நூலில் தைத்ததை அவள் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அவள் அழுதாள். சிப்பாய் தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, அவள் கண்ணீர் தன் சட்டையில் படாதபடி ஓர் அடி தள்ளி நின்றார். சாயம் போய்விடும் என்று அவருக்கும் தெரிந்திருந்தது.

கண்டுபிடித்தாகிவிட்டது, பதினான்காம் தேதிக்கு இன்னும் பன்னிரண்டு நாள். புத்தகத்துக்குள் போகாமல் அவரை எப்படி நிறுத்துவது? தோட்டத்தில் மேயும் கழுதையைத் தவிர முன்னுதாரணம் எதுவும் இல்லை. படத்திலிருந்து நீக்கப்பட்டது தெருவில் தங்கிவிட்டது, சரி. ஆனால் கழுதையை லேசாக ஒரு பூச்சு மட்டும் தீட்டியிருக்கும்போதே நீக்கிவிட்டார்கள். அத்தானோ முழுக்கத் தீட்டப்பட்டவர். சுரண்டி எடுத்தால் இங்கேயும் சுரண்டப்பட்டுவிட்டால்? கண்ணாடிக்காரர் இதைச் சொன்னபோது அக்கா அத்தானை மாடி நாற்காலியில் உட்காரவைத்து, கையுறையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அலமாரில வெச்சு எடுத்துப் பாக்குறதுக்கு எனக்கு ஆள் வேண்டாம்," என்றாள். "நீ எழுது. என்ன ஆனாலும் உன்னைக் குத்தம் சொல்லமாட்டேன்."

இருநூற்றுப் பதினைந்தாவது கடிதம் மூன்றே வரிதான். பதினான்காம் படத்தில், மூன்றாம் வரிசையில், இடமிருந்து நாலாவது ஆள் அங்கே இருந்திருக்க முடியாது. ஆற்றைக் கடக்கப் போனவர்கள் இருபத்துமூன்று பேர். என் கண்ணை நம்புங்கள். வாழ்க்கையில் அவர் எழுதிய முதல் பொய் அது. அத்தான் அங்கே இருந்தார். அங்கே இருந்ததால்தான் இத்தனையும். தபால் பெட்டி முன்னால் உறையைப் பிடித்துக்கொண்டு பஸ் இரண்டு போகும் வரை நின்றார். இருநூற்றுப் பன்னிரண்டு தடவை சரியாக இருந்தது எதற்கு என்று தன்னையே கேட்டுக்கொண்டார். பிறகு போட்டுவிட்டார். நிபுணர் யாரையும் கேட்காமல், ஆறே நாளில் பதில் வந்தது: தங்கள் கடிதம் கிடைத்தது, நன்றி, திருத்திவிட்டோம். மாடிக்கு ஓடிப்போய்ப் பார்த்தார். அத்தான் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார், காதோரம் கொஞ்சம் மங்கியிருந்தது, மற்றபடி அப்படியே இருந்தார்.

பதினான்காம் தேதி காலை பத்து மணிக்கு வண்டி வந்தது. நாற்பது வாசகர்களும் ஏழு மணியிலிருந்தே வரிசையில் நின்றார்கள். தெருவில் இருந்த சிப்பாய்கள் யாரும் சொல்லாமலே அணிவகுத்தார்கள்: எட்டு, எட்டு, ஏழு. மூன்றாம் வரிசையில் நாலாவது இடத்தை விட்டு அடுத்தவன் நின்றான், நெருங்கி நிற்கவில்லை. மாடியில் அக்கா வீட்டுச் சட்டையிலிருந்து இன்னொரு வெள்ளைப் பொத்தானை வெட்டி எடுத்து, தீட்டிய பொத்தானுக்கு மேலேயே நிஜப் பொத்தானை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள். நூல் கோத்துக் கொடுத்தது தம்பி. இந்தத் தடவை அவருக்கு நாலு முறை தவறியது. கீழே புத்தகக் கடைக்காரம்மா கட்டைப் பிரித்து முதல் பிரதியைத் திறந்தாள். இருபத்துமூன்று பேரும் இடது காலை எடுத்துவைத்து நடந்தார்கள்; கடை வாசலைத் தாண்டும்போது சிறுத்து, மேசையில் ஏறும்போது கட்டைவிரல் உயரமாகி, பக்கத்துக்குள் போனார்கள். மாடியில் அத்தான் எழுந்தார். இரண்டு அடி வைத்தார். அக்கா அவர் கையைப் பிடிக்கவில்லை. நூலை அறுக்காமல், ஊசியைத் தன் விரல்களுக்கு நடுவே இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நூல் விறைத்தது. அது சாதாரணச் சலவைப் பிரிவு நூல், கறுப்பு. அத்தான் நூலைப் பார்த்தார், அது போய் முடிகிற விரலைப் பார்த்தார், திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். அக்கா மீதித் தையலைப் போட்டு முடித்துவிட்டு நூலைக் கடித்து அறுத்தாள்.

தார்ப்பாய் அவிழ்க்கப்பட்டது. ஏழாம் தொகுதியைப் பற்றி இன்றைக்கும் பேச்சு ஓயவில்லை. பதினான்காம் படத்தில் மூன்றாம் வரிசையில் ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு இடைவெளி இருக்கிறது, சேற்றில் பூட்ஸ் தடம்கூட இருக்கிறது, ஆளைக் காணோம் என்று உலகம் முழுவதிலிருந்தும் வாசகர்கள் பதிப்பகத்துக்கு எழுதினார்கள். கார் வாத்தியார் மட்டும் ஒன்பது கடிதம் போட்டார். பதிப்பகம் எல்லாவற்றையும் கண்ணாடிக்காரருக்கே அனுப்பிவைத்தது. இடைவெளி சரிதான் என்று அவர் ஒவ்வொருவருக்கும் பதில் எழுதினார். ஒவ்வொரு முறை எழுதும்போதும் நெஞ்சு உறுத்தியது, எழுதினார். மறு வருடம் ராணுவ ஆவண அலுவலகத்திலிருந்து அக்காவுக்குத் தாள் வந்தது. அண்மையில் வெளியான ஏழாம் தொகுதியின்படி ஆற்றுக்குச் சென்றவர்கள் இருபத்துமூன்று பேர் என்பதால், அங்கே செல்லாத ஒருவர் அங்கே காணாமல் போயிருக்க இயலாது என்றும், ஆகவே அவருடைய கணவரின் பெயர் காணாமல் போனோர் பட்டியலிலிருந்து நீக்கப்படுகிறது என்றும் அதில் இருந்தது. அக்கா அதை இரண்டு தடவை படித்துவிட்டு, இரண்டு பொத்தான் இல்லாத வீட்டுச் சட்டையோடு மடித்து வைத்தாள். அவளுக்கு இப்போது ஐம்பத்தெட்டு வயது, அத்தானுக்கு இருபத்தேழு. மத்தியானங்களில் அவள் பேசுவாள், அவர் தலையைச் சாய்ப்பார். அவர்தானா என்று பல் டாக்டருக்கு மட்டும் இன்னும் சந்தேகம் இருக்கிறது. ஆனால் வீட்டுக்கு வந்தால் அவருக்கும் சேர்த்துத்தான் வணக்கம் சொல்கிறார்.

எட்டாம் தொகுதிக்கான அறிவிப்பு மூன்றாம் வருடம் வந்தது. குதிரைப் படை. நகராட்சி இம்முறை முன்கூட்டியே தார்ப்பாய் கட்டி, தண்ணீர்த் தொட்டி வைத்து, புதிதாக அச்சடித்த நாலாவது படிவத்தையும் தயாராக வைத்திருந்தது. ஒன்பதாம் நாள் அறுபது குதிரைகள் வந்தன. கண்ணாடிக்காரர் கடை வாசலில் நின்று பூதக்கண்ணாடியில் பார்த்தபோது, கடைசி வரிசையில் ஒரு சாம்பல் நிறக் குதிரையின் பிடரியில் சிவப்பு ரிப்பன் ஒன்று பின்னியிருப்பது தெரிந்தது. எந்தப் படையிலும் அப்படிக் கிடையாது. உள்ளே போய்த் தாளை எடுத்தார், பேனா மூடியைக் கழற்றினார், கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பிறகு மூடியைப் போட்டுவிட்டுக் கடையைச் சாத்தினார். இந்த ரிப்பனை யாருக்காவது தெரியுமா என்று வீடு வீடாகக் கேட்டுவிட்டு வரலாம் என்று தெருவில் இறங்கினார். முதல் தூறல் கையில் விழுந்தது. நிமிர்ந்து மாடியைப் பார்த்தார்.

"அத்தான், மழை வருது, ஜன்னலைச் சாத்துங்க," என்றார்.

அத்தான் எழுந்து சாத்தினார்.